கேலரியில் நான், டிவி முன்னால் உங்கள் அம்மா

ஒட்டகம் பார்த்தீங்களாப்பா என்று முதலில் கேட்டது முகில்தான். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும். பார்த்தேன் கண்ணு, பால் பாக்கெட்டின் மேல் படமாகப் பார்த்தேன். உயிரோடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான் போய்ப் பார்த்து வந்தது முழுக்கப் பந்துதான். அதை உனக்கும், உன் அக்கா யாழினிக்கும், மாவு மில் வாசலில் நின்றுகொண்டு "மாமா, துபாய்க் கதை சொல்லுங்க மாமா" என்று நச்சரிக்கிற தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் யாழினி திருத்தட்டும்.

உங்கள் அண்ணன் கதிர் பேஸ்பால் விளையாடப் போயிருக்கிறான் என்று சொன்னால் ஒட்டன்சத்திரத்தில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. மீதிப் பேர் பேஸ்கட்பால் என்று நினைத்துக்கொண்டு, "அவ்வளவு உசரமா உங்க பையன்?" என்பார்கள். திண்டுக்கல் காலேஜில் கிரிக்கெட் டீமில் இடம் கிடைக்காமல் இதில் சேர்ந்தவன் அவன். மாநில அளவில் ஆடி, பிறகு எமிரேட்ஸில் புதிதாக ஆரம்பித்த போட்டிக்கு ஆள் எடுக்கும்போது எப்படியோ இவனையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சீசன் பார்ப்போம், பிறகு சொல்கிறோம் என்றுதான் பேச்சு. அவன்தான் எனக்கு விசா எடுத்து அனுப்பினான்.

வரவேண்டியவள் உங்கள் அம்மா. முழங்கால் ஆபரேஷன் ஆகி ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளால் விமானம் ஏற முடியாது. நான் கிளம்புகிற அன்று அவள் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "போய்ட்டு வந்து கதை சொல்றது இருக்கட்டுங்க. எம்பையன் வெளையாடறத நான் ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும். அதுக்கு என்ன வழின்னு கேளுங்க."

கேட்டேன். சாதாரண ஆட்டமெல்லாம் அந்த ஊருக்குள் மட்டும் போனில் தெரியுமாம், இங்கே வராதாம். கடைசி ஆட்டத்தை மட்டும் நம் ஊர் விளையாட்டுச் சேனல் ஒன்று வாங்கியிருக்கிறதாம். கடைசி ஆட்டத்துக்கு வர வேண்டுமென்றால் முதல் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

"இப்ப நீங்க எத்தனாவதுடா?" என்றேன்.

"கடைசிப்பா," என்றான்.

கடைசியாக நிற்கிற டீமைக் கடைசி ஆட்டத்துக்குக் கொண்டுவர என்னால் என்ன செய்ய முடியும். சத்துமாவு கொண்டுபோனேன்.

அந்தச் சத்துமாவுதான் ஷார்ஜா ஏர்போர்ட்டில் என்னைத் தனியாக இழுத்து நிறுத்தியது. நம் ஊர்க் கணேசன், ஏசி குழாய் மாட்டுகிற வேலையில் இருப்பவன், போனிலேயே சொல்லியிருந்தான். "அண்ணே, கசகசா மட்டும் கொண்டாந்துராதீங்க. இங்க அது போதைச் சாமான் கணக்கு. உள்ள தூக்கி வெச்சிருவாங்க." கசகசா இல்லை. ஆனால் நம் மில்லில் அரைத்த மாவு பேர் எழுதாத பிளாஸ்டிக் கவர்களில் பழுப்பாக இருந்தால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். கறுப்பு அங்கி போட்ட ஒரு இளம்பெண்தான் அதிகாரி. அவள் இங்கிலீஷில் கேட்டாள். பக்கத்தில் பெட்டி தள்ளுகிற மலையாளத்துப் பையன் தமிழாக்கிச் சொன்னான்.

"இது மருந்தான்னு கேக்கறாங்க."

"இல்லைங்க, மாவு. பையன் ஒல்லியா இருக்கான், அவனுக்கு."

நம்பாத மாதிரி பார்த்தாள். நான் கவரைப் பிரித்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். வறட்டு மாவு தொண்டையில் அடைத்துக்கொண்டது. இருமிய இருமலில் அந்தப் பெண்ணின் கறுப்பு அங்கியெல்லாம் மாவு. எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ சிரித்துக்கொண்டு தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். உங்கள் மகனுக்கு என்ன வேலை என்று கேட்டாள். பேஸ்பால் என்றேன். பையன் அதைச் சொல்ல, அவள் பதிலுக்கு ஏதோ கேட்டாள்.

"அந்த விளையாட்டு இங்க உண்டான்னு கேக்கறாங்க," என்றான் அவன்.

அந்த நாட்டில் பிறந்த பெண்ணுக்கே தெரியாது.

கணேசனும் அவனோடு வேலை செய்கிறவர்களும் ஷார்ஜாவில் முவைலா என்கிற பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். ஒரே ரூம், கட்டிலுக்கு மேல் கட்டில். கீழ்க் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, அதில் படுத்திருந்தவன் தரையில் பாய் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்றதற்கு, "நைட் டூட்டிண்ணே எனக்கு, பாதி நாள் கட்டில் சும்மாதான் கெடக்கும்," என்றான். கட்டடத்துக்கு அடியிலேயே ஒரு மலையாளத்துச் சேட்டனின் கபேடீரியா. பரோட்டாவும் கடலைக் கறியும், ஏலக்காய் போட்டு வற்றக் காய்ச்சிய கரக் டீயும். மூலையில் ஒரு டிவி. பக்கத்துக் கடையில் முருங்கைக்காய் கட்டு கட்டாக அடுக்கியிருந்தது. அட்டைப் பெட்டியில் நம் ஊர்ப் பேர். அதை யாரும் ஏர்போர்ட்டில் தனியாக இழுத்து நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். கணேசன் டூட்டியிலிருந்து நேராக வருவதாகச் சொல்ல, நான் தனியாக டாக்சி பிடித்தேன். டிரைவர் பெஷாவர்ப் பக்கத்துக்காரர். "பேஸ்பால் ஸ்டேடியம்" என்றேன். அவர் "ஸ்டேடியம்" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஷார்ஜா கிரிக்கெட் மைதானத்தில் கொண்டுபோய் விட்டார். வாசல் காவலாளியும், பேஸ்பாலா, அப்படி எதுவும் இங்கே கிடையாது என்று இந்தியில் சொல்லிக் கையை விரித்தார். கடைசியில் கணேசன் வந்த பஸ்ஸே சுற்றிக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டது.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேஸ்பால் நடத்துகிறவர்கள் அனுப்புகிற பஸ் அது. ஆள் இல்லாத கேலரி கேமராவில் நன்றாக இருக்காது அல்லவா. அதனால் வேலையாட்கள் இருக்கிற தெருத்தெருவாக வந்து, ஓசியாக ஏற்றிக்கொண்டு போய் உட்கார வைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு ஜூஸ். பஸ் முழுக்க அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, ராமநாதபுரம்.

"என்ன வெளையாட்டுன்னே தெரியாதுண்ணே எங்களுக்கு," என்றான் கணேசன். "மொத நாள் பிரியாணிக்குத்தான் போனோம். போனா நம்மூருப் பையன் நிக்கறான். அப்பறம் எப்படி வராம இருக்கறது."

மைதானம் துபாயைத் தாண்டி, மணல் ஆரம்பிக்கிற இடத்தில். பிள்ளைகளே, கேலரி எவ்வளவு காலியாக இருந்தது தெரியுமா. ஆட்டக்காரன் ஒருவன் தும்மினான், கேலரியில் உட்கார்ந்திருந்த எங்கள் பஸ்காரர் ஒருவர் "நூறு" என்று சொல்ல, அவன் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். நாற்காலிகளில் மைனாக்கள் உட்கார்ந்திருந்தன. இங்கே நம் ஊரில் கபடிப் போட்டி என்றால் மரத்தில்கூட இடம் கிடைக்காது.

ஆட்டம் இப்படி. பிட்சர் என்று ஒருவன் நடுவில் மண்மேட்டில் நின்று பந்தை எறிவான். உருட்டுக்கட்டை மாதிரி மட்டையோடு எதிர் டீம்காரன் அடிப்பான். அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், நான்கு மூலையையும் தொட்டுத் திரும்பி வந்தால் ஒரு ரன். இரண்டு பக்கமும் கோடு உண்டு. கோட்டுக்கு வெளியே பந்து போனால் பிரயோஜனமில்லை. சுவருக்கு அப்பால் போய்விட்டால் நம் சிக்ஸர் மாதிரி, அடித்தவனும் மூலைகளில் ஏற்கனவே நிற்கிறவர்களும் சாவகாசமாகச் சுற்றி வந்து ஆளுக்கொரு ரன் எடுத்துக்கொள்ளலாம்.

கோட்டுக்கு வெளியே அடித்த பந்துதான் அடிக்கடி எங்கள் கேலரிக்கு வந்தது. முதல் பந்தைக் கணேசன் வெறுங்கையால் பிடித்தான். பிடித்த வேகத்தில் உள்ளே திருப்பி எறிந்தான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். மறுபடி ஒன்று வந்தது, நாற்காலிக்கு அடியில் உருண்டது. நான்கு பேர் குனிந்து தேடி எடுத்து எறிந்தார்கள். கீழே நின்ற ஆட்டக்காரனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் கையில் ஏற்கனவே வேறு பந்து இருந்தது.

நேபாளத்துக் காவலாளி ஒருவர் மேலே ஏறி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். இந்தியில் நிதானமாகச் சொன்னார். கேலரிக்கு வந்த பந்து பார்க்கிறவர்களுக்குத்தானாம். வீட்டுக்கு எடுத்துப் போகலாமாம். அமெரிக்காவில் அதற்காக அடித்துக்கொள்வார்களாம்.

கணேசன் நம்பவே இல்லை. "பந்த நாம வெச்சுக்கிட்டா அவங்க எதுல வெளையாடுவாங்க பாய்?"

"வேறு பந்து இருக்கிறது."

"அதுவும் இங்க வந்துட்டா?"

காவலாளி சிரித்தார். அடுத்த பந்தும் திரும்பிப் போனது. தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் அல்லவா. பந்து வீட்டுக்குள் விழுந்தால் எடுத்துக் கொடுக்காத வீட்டுக்காரரைப் பற்றி நாம் என்ன பேசுவோம் என்று உங்களுக்கே தெரியும். பிறகு விஷயம் புரிந்தும் எங்கள் ஆட்கள் நிறுத்தவில்லை. எறிவதில்தான் ருசி. வாரம் முழுக்க வேலை செய்கிற கைக்கு அங்கே வேறு வேலை இல்லை.

அன்று கதிரின் டீம் தோற்றது. அவனைக் கடைசியில் கொஞ்ச நேரம்தான் எறிய விட்டார்கள். ஆட்டம் முடிந்து கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றியதும் நெற்றியில் கோடு. நான் மாவுக் கவர்களை வேலிக்கு மேலாக நீட்டினேன்.

"கூட்டமே இல்லையேடா."

"ஜெயிச்சா வருவாங்கப்பா."

"கூட்டம் வந்தா ஜெயிப்பீங்களோ என்னமோ."

"எங்க கோச்சும் அதையேதான் சொல்றாரு. கோழியா முட்டையான்னு யாருக்கும் தெரியல." கவரைப் பிரித்து மோந்து பார்த்தான். "அம்மா ஏலக்காய் நெறையப் போட்டிருக்கு."

"அம்மா உன்னைய டிவில பாக்கணும்ங்கறா."

அவன் கவரின் வாயை மடித்து மடித்து இறுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு மாற்றம் நடந்தது. ஜெயித்துக்கொண்டே வந்து கடைசியில் கோட்டை விடுவது இந்த டீமுக்கு வழக்கமாம். அன்று கோச் கடைசிக்கென்றே கதிரை நிறுத்தி வைத்திருந்தார். மூட்டை எவ்வளவு நன்றாக நிரப்பினாலும் வாய் தைக்காவிட்டால் கொட்டிவிடும் இல்லையா. கதிருக்குக் கிடைத்தது வாய் தைக்கிற வேலை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பான், ஒரு காலைத் தூக்குவான், பிறகு பந்து எங்கே போனதென்று எனக்குத் தெரியாது, பிடிக்கிறவனின் கிளவுஸில் 'டப்' என்று சத்தம் மட்டும் கேட்கும். மூன்று பேரை அப்படியே திருப்பி அனுப்பினான். ஜெயித்தார்கள். அதற்கடுத்த ஆட்டமும் ஜெயித்தார்கள்.

இதற்கிடையில் பந்தைத் திருப்பி எறிகிற எங்கள் ஆட்களைக் கேமராக்காரர் படம் பிடித்திருக்கிறார். அது போன் போனாகப் போயிருக்கிறது. ஒரு நாள் காலையில் கபேடீரியாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சேட்டன் தன் போனைக் கணேசனிடம் காட்டினார்.

"டா கணேசா, இது நீயல்லே?"

கணேசன் எட்டிப் பார்த்தான். பந்தைத் தேடிக் குனிந்த நிலையில் அவனுடைய பின்பக்கம்தான் தெரிந்தது. "ஆமா சேட்டா. மொகத்த எடுக்காம இத எடுத்திருக்கான் பாருங்க. ஊர்ல எம்பொண்டாட்டி மட்டும் கண்டுபிடிச்சிருவா."

கடையே சிரித்தது. ஆனால் வேடிக்கைப் படத்தைப் பார்த்து யாரும் மைதானத்துக்குக் கிளம்பி வந்துவிடவில்லை. போனில் பார்த்துச் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஆட்களைக் கிளப்பியது ஜெயிப்புத்தான். அதை நான் ஒவ்வொரு வாரமும் கண்ணால் பார்த்தேன். முதலில் பிலிப்பைன்ஸ்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிறகு ஜப்பான்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் கிளவுஸ். பிறகு நம் ஊர் ஆபீஸ்காரர்கள், இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகளோடு. சோளப்பொரி வண்டிக்கு வரிசை நின்றது. மைனாக்களுக்கு உட்கார இடமில்லை.

சேட்டன் கடை டிவியில் முன்பெல்லாம் கால்பந்துதான். பேஸ்பால் வைக்கச் சொன்னால், "மைதானத்துல பத்து பேர், அதை இங்க நூறு பேர் பாக்கணுமா," என்பார். மூன்றாவது ஜெயிப்புக்குப் பிறகு, எங்களால் போக முடியாத ஒரு ஆட்டத்துக்கு, அவரே போனை டிவியோடு இணைத்துப் பேஸ்பால் வைத்தார். கடை நிறைந்தது. கதிர் மேட்டுக்கு வந்ததும் பரோட்டா போடுகிறவன் கல்லை விட்டு வெளியே வந்துவிட்டான், நான்கு பரோட்டா கருகியது. சேட்டன் அவனைத் திட்டவில்லை, அவரும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் நான் பிடித்த டாக்சியின் டிரைவர் வங்காளத்துக்காரர், பேஸ்பால் என்றதுமே தலையாட்டினார். கடைசியில் வந்து எறிகிறானே ஒரு ஒல்லிப் பையன், அவன் இருக்கும்வரை பயமில்லை என்று இந்தியில் சொன்னார். அவனுக்கு நான் அப்பா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். இன்னும் என்னென்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை.

ஒவ்வொரு ராத்திரியும் உங்கள் அம்மாவுக்குப் போன் பண்ணும்போது அவள் கேட்பது ஒரே கேள்விதான். "இப்ப எத்தனாவது?" கடைசி என்றது போய், நடுவில் என்றது போய், ஒரு நாள் "ரெண்டாவது" என்று சொன்னேன்.

"செல்வி?"

"இருங்க. கேபிள்காரன்கிட்டச் சொல்லி அந்தச் சேனலப் போடச் சொல்லணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு பஸ் வரவில்லை. கணேசனும் மற்றவர்களும் குளித்து, சட்டை மாற்றி, கட்டட வாசலில் நின்றிருந்தார்கள். வெகு நேரம் கழித்து அந்த பஸ் டிரைவர் பாய்க்குப் போன் பண்ணினான் கணேசன். இனிமேல் வண்டி கிடையாது, டிக்கெட் முழுக்க விற்றுவிட்டது, ஓசி ஆட்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பாய் இரண்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாராம்.

நாங்கள் கபேடீரியாவுக்குள்ளேயே திரும்பிப் போனோம்.

"தோக்கறப்ப வண்டி அனுப்பி, பிரியாணி குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க," என்றான் அறந்தாங்கிக்காரன். "ஜெயிக்கறப்ப வராதங்கறாங்க."

"வுடுறா. பிரியாணில உப்பே இருக்காது," என்றான் கணேசன். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவன், "அண்ணே, நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போடறீங்க. நம்ம பையன் ஜெயிச்சதுனாலதான நமக்கு எடமில்ல. இதவிட நல்ல காரணம் இருக்கா?" என்றான்.

அவன் மெய்யாகவே அப்படித்தான் நினைத்தான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் மாற்றிய சட்டையை அவன் அன்று முழுக்கக் கழற்றவில்லை.

அன்றைய ஆட்டத்தையும் ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பாஸ் கொடுத்தார்கள். கதிர் அதை என்னிடம் கொடுக்கும்போது, "கணேசண்ணனுக்கும் கேட்டேன்பா. இல்லைன்னுட்டாங்க," என்றான். நான் அந்தப் பாஸைக் கணேசனிடம் நீட்டிப் பார்த்தேன். நான் இங்கேயே டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நல்லா இருக்குண்ணே. பெத்தவரு பரோட்டாக் கடைல, நான் கேலரில. அக்கா என்னைய ஊருக்குள்ள வுடுவாங்களா?" என்று என் சட்டைப் பையிலேயே அதைத் திணித்தான்.

கடைசி ஆட்டத்தன்று உங்கள் ஏற்பாடெல்லாம் உங்களுக்கே தெரியும். மில்லை மத்தியானமே நிறுத்திவிட்டு, தராசு மேடையில் டிவியைத் தூக்கி வைத்து, நீங்கள் எல்லோரும் கோணி மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்தீர்கள். உங்கள் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில், காலை ஸ்டூலில் நீட்டி. இதெல்லாம் யாழினி போட்டோ அனுப்பியதால் எனக்குத் தெரியும்.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

என் இடம் கேலரியின் மேல் வரிசைக்கு இரண்டு வரிசை கீழே. அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் கட்டை விரல் உயரம். முதல் நாள் கீழே உட்கார்ந்து தும்மலுக்குப் பதில் சொன்ன இடத்தில் இப்போது யார் யாரோ. என்னைச் சுற்றித் தமிழ் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் உங்கள் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். "வெக்காதீங்க, அப்படியே இருங்க," என்றாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்க இருந்தேன்.

டிவிக்கு வருவது கொஞ்சம் பிந்தித்தான் வரும் போலிருக்கிறது. இங்கே ஒருவன் அவுட்டாகி, கைதட்டி முடித்து நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் போனில் உங்கள் கைதட்டல் கேட்கும். முதலில் அது வேடிக்கையாக இருந்தது. ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை பார்க்கிற மாதிரி.

கடைசிக் கட்டத்தில் கதிர் வந்தான். நம் டீம் ஒரு ரன் முன்னால். இரண்டு பேரை அவுட்டாக்கிவிட்டான். இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் முடிந்தது. ஆனால் எதிர் டீம்காரன் ஒருவன் இரண்டாம் மூலையில் ஓடத் தயாராக நின்றான். கேலரி முழுக்க எழுந்து நின்றது. நானும் நின்றேன். கதிர் கையைப் பின்னால் மறைத்தான், காலைத் தூக்கினான், எறிந்தான்.

அந்த மட்டையின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. நல்ல தேங்காய் உடைகிற சத்தம். பந்து எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே போகிற உயரத்தில் போய், சுவருக்கு அப்பால் இருட்டில் விழுந்தது. எதிர் டீம்காரர்கள் ஓட்டமாக ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கேலரியில் பாதிப் பேர் அலறினார்கள். முடிந்துவிட்டது.

"ஏங்க, அங்க என்ன அவ்வளவு சத்தம்?" என்றாள் உங்கள் அம்மா. "இவன் இன்னும் எறியவே இல்லையே."

அவளுக்கு இன்னும் ஆட்டம் முடியவில்லை. அவளுடைய டிவியில் கதிர் இன்னும் ஒரு ரன் முன்னால் நிற்கிறான்.

"சும்மா கத்தறாங்க," என்றேன். "நீ பாரு."

"கையப் பின்னால வெச்சுக்கிட்டு நிக்கறான்ங்க. இங்க பிள்ளைங்க யாரும் மூச்சு விடல. சாமி, முருகா. காலத் தூக்கறான்."

நீங்கள் எல்லோரும் சேர்ந்து "அய்யோ" என்றது எனக்குக் கேட்டது. ஒரு மூட்டை சரிந்த சத்தமும் கேட்டது. முகில் அழ ஆரம்பித்தது கேட்டது. அதற்குப் பிறகு உங்கள் அம்மாவின் மூச்சு மட்டும்.

என் முன்னால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், குதிக்கிறவர்களும் கிளம்புகிறவர்களுமாக. ஆளுக்கு ஆள் இடையில் எட்டிப் பார்த்தேன். நடு மேட்டில் கட்டை விரல் உயரத்துக்கு ஒரு உருவம் தனியாக நின்றது. இடது பக்கம் சாய்ந்த மாதிரி நிற்பதால் அது கதிர் என்று தெரிந்தது. மற்றபடி தொப்பியும் சட்டையும்தான். முகம் இருக்கிற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"செல்வி," என்றேன். "எனக்கு இங்கிருந்து மூஞ்சி தெரியல. அழறானா?"

"இல்லைங்க." அவள் குரல் நான் பயந்த மாதிரி இல்லை. "கிட்டக்க காட்டறாங்க. மொகம் மட்டும் டிவி பூரா. தொப்பியக் கழட்டிட்டான். நெத்தில கோடு விழுந்திருக்கு. கண்ணு செவந்துதான் இருக்கு, ஆனா அழல. உதட்ட உள்ள மடிச்சுக்கிட்டு நிக்கறான், சின்னதுல ஊசி போடறப்ப நிப்பானே, அது மாதிரி."

"ஜெயிச்சவங்களக் காட்டலையா?"

"காட்டினாங்க. திரும்ப இவனுக்கே வந்துட்டாங்க. கிளவுஸ் போட்டவன் ஒருத்தன் வந்து தோள்ல கை போடறான். இவன் என்னமோ சொல்றான். ஒல்லிதாங்க ஆயிட்டான், ஆனா நிக்கறது நல்லா நிக்கறான்."

என்னைத் தாண்டிப் போன ஒரு வெள்ளைக்காரர் என் தோளைத் தட்டி, அடுத்த தடவை பார்ப்போம் என்ற மாதிரி ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். கீழே அந்த உருவம் இப்போது குனிந்து எதையோ எடுத்தது, அல்லது காலைத் தொட்டது. எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் காட்டறாங்களா?" என்று கேட்டேன்.

"காட்டறாங்க," என்றாள். "பேசாம இருங்க கொஞ்சம். பாத்துக்கறேன்."